ஐஞ்சு பிளேட் ஆருக்குத் தேவை?

எந்த ஊர்ச் சலூனுக்குள்ளயும் போய் ஒருக்கா வடிவாக் கவனிச்சுப் பாருங்கோ. சலூன் அண்ணை ஒரு பிளேட்டை எடுப்பார். கடதாசி உறையோடயே அதை நடுவால மடிச்சு 'டக்' எண்டு இரண்டாய் முறிப்பார். ஒரு பாதியைத் தன்ர கத்திப் பிடிக்குள்ள செருகுவார். மற்றப் பாதி அடுத்து வாற ஆளுக்கு. பாதி பிளேட், ஒற்றை விளிம்பு, ஒரு கோப்பைத் தண்ணி, ஒரு பிறஷ். இவ்வளவுதான் அவற்ற ஆயுதம். அதால வழிச்ச முகத்தோடதான் எங்கட பெடியள் கலியாண வீட்டுக்குப் போகினம், இன்ரவியூவுக்குப் போகினம், பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கப் போகினம்.

அதே பெடியள் வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால நிக்கேக்க, ஐஞ்சு பிளேட் அடுக்கின காட்றிஜ் ஒண்டு இல்லாமல் முகத்தில கை வைக்க மாட்டினமாம். ஏனெண்டு கேட்டால், "அதுதான் மச்சான் ஸ்மூத்." ஆர் சொன்னது? விளம்பரத்தில வந்த விளையாட்டுக்காரன் சொன்னவன்.

நான் சொல்ல வருவது சின்ன விஷயம். முகம் வழிக்க ஒரு பிளேட் போதும். மிச்சம் நாலும் உங்கட முகத்துக்காகச் செய்ததில்லை, உங்கட பொக்கற்றுக்காகச் செய்தது.

'நாட்டில வேற பிரச்சினை இல்லையா, சவரத்தைப் பற்றி ஒரு கட்டுரையா' என்று கேட்கப் போகிற தோழர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதம் அது 360 அளவுக்குப் போனது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதம் ஆனது. இறக்குமதிச் சாமான் ஒவ்வொன்றிலும் இந்த அடி விழுந்திருக்கிறது, காட்றிஜிலும்தான். தோட்டத் தொழிலாளர்களுடைய நாட்சம்பளம் 1,000 ரூபாவைத் தொடுவதற்கு 2021 வரைக்கும் போராட வேண்டியிருந்த நாடு இது. ஐஞ்சு பிளேட் காட்றிஜ் நாலு இருக்கிற ஒரு பக்கற்றின் விலையை அந்த நாட்சம்பளத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு சொல்லுங்கள், இது பிரச்சினையா இல்லையா எண்டு.

அதோட, எங்கட பெடியளில் கனபேருக்குச் சேவ் எடுப்பது ஆசைக்குச் செய்கிற வேலை இல்லை. ஏ.எல். படிக்கிறவன், வங்கியில் ரை கட்டி நிற்கிறவன், செக்கியூரிற்றி வேலை பார்க்கிறவன், துணிக்கடையில் நிற்கிறவன் எல்லாருக்கும் அது கட்டளை. கட்டளை போடுகிறவன் பிளேட் வாங்கித் தருவதில்லை.

இனிக் காட்றிஜின் கதைக்கு வருவம். 1971இல் ஜில்லெட் இரண்டு பிளேட் றேசரை இறக்கியது. 1975 ஒக்ரோபரில் அமெரிக்காவின் 'சற்றடே நைற் லைவ்' நகைச்சுவை நிகழ்ச்சி தொடங்கினபோது, முதல் நாளே இதை வைத்து ஒரு பகிடி விளம்பரம் போட்டார்கள். மூன்று பிளேட் றேசராம். அதை நம்பி வாங்குகிறவன் எவ்வளவு பெரிய மடையன் என்பதுதான் பகிடி. 1998இல் அதே ஜில்லெட் மூன்று பிளேட் மாக்3 றேசரை உண்மையாகவே கொண்டு வந்தது. 2003இல் போட்டிக் கம்பனியான ஷிக் நாலு பிளேட்டோடு வந்தது. 2006இல் ஜில்லெட் ஐந்துக்குப் போனது. மனிசரின் தாடி இந்த 35 வருசத்தில் மாறவில்லை. கன்னத்தில் புதிதாக நாலு பக்கம் முளைக்கவும் இல்லை. மாறினது, பழைய மொடலின் கூட்டல் கழித்தல் முடிந்து விற்பனை தளரும்போது இன்னொரு பிளேட்டைச் சேர்த்துப் புது விலை போடவேண்டிய தேவைதான்.

இதையெல்லாம் தொடக்கி வைத்த கிங் காம்ப் ஜில்லெட் ஒரு விசித்திரமான மனிதர். 1894இல் அவர் எழுதின புத்தகத்தில், போட்டிதான் உலகத்துத் தீமைகளுக்கெல்லாம் வேர், எல்லாத் தொழிலையும் மக்களுக்குச் சொந்தமான ஒரே நிறுவனத்தின் கீழ் கொண்டு வரவேண்டும் என்று வாதாடினார். ஒருவகைக் கற்பனைச் சோசலிஸ்ட். அதே காலத்தில் அவர் சோடாப் போத்தல் மூடிக் கம்பனி ஒன்றின் விற்பனையாளராக இருந்தார். அந்த மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்ரர், பாவித்துவிட்டு எறிகிற, திரும்பத் திரும்ப வாங்குகிற ஒன்றைக் கண்டுபிடி என்று புத்தி சொன்னதாக ஜில்லெட்டே பிறகு சொல்லியிருக்கிறார். முதல் புத்தகம் எங்க, இந்தப் புத்தி எங்க. எது வென்றது எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

1903இல் விற்பனை தொடங்கினபோது போனது 51 றேசரும் 168 பிளேட்டும். 1904இல் காப்புரிமை கிடைத்தது. வணிகப் பாடத்தில் எல்லாரும் படிக்கிற கதை ஒன்று இருக்கிறது: 'ஜில்லெட் கைபிடியைச் சும்மா கொடுத்து, பிளேட்டில் உழைத்தார்.' இது பிழை. சிக்காகோ பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ராண்டல் பிக்கர் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். காப்புரிமை கையில் இருந்த காலம் முழுக்க ஜில்லெட் றேசர் 5 டொலர், அந்தக் காலத்துக்கு மிகப் பெரிய காசு. 1921இல் காப்புரிமை முடிந்து, ஆரும் செய்யலாம் எண்டு வந்த பிறகுதான் கைபிடி விலையை இறக்கினார்கள். அதாவது, பூட்டு உடைந்தால்தான் விலை இறங்கும்.

பழைய றேசரின் அருமையும் இதுதான். இரண்டு பக்கமும் விளிம்புள்ள அந்தச் சப்பைப் பிளேட்டின் வடிவம் இப்போது ஒருவருக்கும் சொந்தமில்லை. எந்த நாட்டில் எந்தக் கம்பனி செய்தாலும் ஒரே அளவு, ஒரே துவாரம். உங்கட அம்மப்பாவின் றேசர் பெட்டகத்துக்குள்ள கிடந்தால், இண்டைக்குக் கடையில வாங்கின பிளேட் அதுக்குள்ள இருக்கும். இந்தப் பிளேட் சரியில்லையா, நாளைக்கு வேறொன்று வாங்கலாம். கைபிடி மாற்றத் தேவையில்லை. காட்றிஜில் அது நடக்காது. ஒருக்கா கைபிடியை வாங்கினீர்கள் என்றால் நீங்கள் அந்தக் கம்பனிக்குக் குடியிருக்கிறீர்கள், வாடகை மாதாமாதம். போன் சார்ஜருக்கு எல்லாம் ஒரே வாய் வேணும் எண்டு சண்டை பிடிக்கிற ஆக்கள், முகத்துக்கு மட்டும் ஏன் சத்தம் போடாமல் இருக்கினம் எண்டு எனக்கு விளங்குதில்லை.

ஒரு பிளேட் போதும் எண்டது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை. கம்பனிக்கே தெரியும். இந்தியாவுக்கென்று முன்னம் ஒரு றேசரைச் செய்தபோது, அதை அமெரிக்காவில் எம்.ஐ.ரி.யில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துப் பரிசோதித்தார்கள். பெடியள் நல்லாயிருக்கு எண்டிட்டாங்கள். இந்தியாவுக்குக் கொண்டுபோனால், றேசருக்குள்ள மயிர் அடைச்சுப் போச்சு. ஏனென்றால் அமெரிக்காவில் பைப்பைத் திறந்துவிட்டுக் கழுவினாங்கள், இந்தியாவில் சனம் ஒரு கோப்பைத் தண்ணியை வைத்துக்கொண்டு சேவ் எடுக்கிறது. இந்தக் கதையைக் கம்பனிக்காரரே பிறகு சொன்னார்கள். அதில் பாடம் படித்து 2010இல் ஜில்லெட் கார்ட் எண்ட றேசரை இறக்கினார்கள். எத்தனை பிளேட்? ஒண்டு. விலை 15 இந்திய ரூபா, மாற்றுக் காட்றிஜ் 5 ரூபா. ஏழைக்கு விற்க வெளிக்கிட்டால் ஒரு பிளேட் காணுமாம், வசதியானவனுக்கு ஐஞ்சு வேணுமாம். தாடிக்கு வர்க்கம் இருக்கோ?

'எண்டாலும் ஐஞ்சு பிளேட்டில நெருக்கமா வழிக்கும்தானே' என்கிறீர்கள். ஓம், வழிக்கும். பிரச்சினையே அதுதான். அடுக்கடுக்கான பிளேட் வேலை செய்கிற முறை இது: முன்னுக்குப் போகிற பிளேட் மயிரை இழுத்துத் தூக்கும். அது திரும்பி உள்ளே போகமுதல் பின்னால் வருகிற பிளேட் அதை வெட்டும். வெட்டுப்பட்ட நுனி தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடும். நேர் மயிர்க்காரருக்குப் பெரிய கரைச்சல் இல்லை. சுருள் மயிர்க்காரருக்கு அந்தக் கூர் நுனி வளைந்து தோலுக்குள்ளேயே குத்தி வளரும். கழுத்தில் சிவப்புச் சிவப்பாகப் பரு மாதிரி வருகிறதே, அதில் பாதி பரு இல்லை, இதுதான். தோல் வைத்தியத்தில் இதற்குச் சூடோபொலிகியூலைற்றிஸ் எண்டு பல்லுடைக்கிற பேர் ஒண்டு இருக்கு. அது வந்தவர்களுக்கு வைத்தியர்கள் சொல்கிற புத்தி, ஒட்ட வழிக்காதே, பிளேட் எண்ணிக்கையைக் குறை, முடிந்தால் சேவ் எடுப்பதை விட்டு மெசினால் கத்தரி. எங்கட ஆக்களில் சுருள் மயிர்க்காரர் கொஞ்சப் பேரா? முகத்தில் பரு எண்டு கிறீம் வாங்கிப் பூசி, அந்தக் கிறீம் எரிஞ்சு, எரிவுக்கு இன்னொரு கிறீம் வாங்கி... இதுக்கெல்லாம் தொடக்கம் அந்தக் காட்றிஜாகவே இருக்கலாம்.

சரி, அப்ப என்ன செய்யிறது? இதில் கனபேர் பிழைக்கிற இடம் றேசர் இல்லை, தண்ணி.

உலர்ந்த தாடி மயிர் முரடானது. தண்ணியில் இரண்டு மூன்று நிமிசம் ஊறினால் அது பொங்கி மெதுவாகும், வெட்டுகிறதுக்கு வேண்டிய பலம் நல்லாய்க் குறையும். 2020 ஓகஸ்டில் எம்.ஐ.ரி. ஆராய்ச்சியாளர்கள் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஒன்று வெளியிட்டார்கள். பிளேட்டின் உருக்கு மயிரை விட ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது, ஆனாலும் மயிர் அந்த உருக்கின் விளிம்பைச் சின்னச் சின்னதாய்ச் சிதைத்துவிடுகிறது என்று மைக்ரொஸ்கோப்பில் பார்த்துச் சொன்னார்கள். எனக்கு அதில் விளங்கின பாடம், ஊறாத தாடியை வழிக்கிறவன் முகத்தை மட்டுமில்லை, பிளேட்டையும் சேர்த்துக் கெடுக்கிறான் என்பது. ஆகவே குளிச்சிட்டு வழியுங்கோ. குளிக்க நேரமில்லை என்றால் ஈரத் துவாயை முகத்தில் போட்டுக்கொண்டு ரீ ஆறும் மட்டும் இருங்கோ. காசு செலவில்லை, விளம்பரமும் இல்லை, ஆனபடியால் இதை ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லித் தரமாட்டினம்.

யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு இங்கே ஒரு தனிக் கரைச்சல் இருக்கிறது. எங்கட நிலம் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணி கடினத் தண்ணி, கரையோரம் போனால் சவர்த் தண்ணியும்கூட. அதில் சவுக்காரம் நுரைக்காது, வெள்ளையாய்த் திரைஞ்சு போகும், கேத்திலுக்குள் படிகிற கல்லுப் போலத்தான். 'இந்தக் கிறீம் சரியில்லை, நுரை வருகுதில்லை' எண்டு ரியூப்பை எறிகிறவர்கள் ஒருக்கா மழைத் தண்ணியில் முயற்சி செய்து பாருங்கள். மாரியில் பீலியில் பிடித்த தண்ணி ஒரு போத்தல் போதும். இல்லாட்டில் குடிக்க வாங்குகிற வடிகட்டின தண்ணியில் அரைக் கோப்பை. நுரை அடிக்க அதுக்கு மேல் தேவையில்லை, கழுவுகிறதைக் கிணற்றுத் தண்ணியில் கழுவலாம். கொழும்புப் பெடியன் யூரியூப்பில் காட்டுகிற நுரை உங்களுக்கு வராததுக்குக் காரணம் உங்கட கைப்பழக்கம் இல்லை, உங்கட கிணறு.

நுரைக்கு என்ன வாங்குவது? அமத்தினால் 'புஸ்' எண்டு வருகிற தகர நுரையை வாங்காதீர்கள். கையில் பெரிசாத் தெரியும், உள்ளே காற்றும் தண்ணியும்தான் கூட, தகரத்துக்கும் வாயுவுக்கும் சேர்த்து நீங்கள்தான் காசு கட்டுகிறீர்கள். சின்ன ரியூப் கிறீம் ஒன்றும் ஒரு பிறஷும் வாங்கினால் மாதக்கணக்கில் போகும். பிறஷ் நைலோன் மயிராக இருந்தாலும் பிழையில்லை. கிறீம் பயத்தங்காய் விதை அளவு காணும், மிச்சத்தைப் பிறஷ் செய்யும். குளிக்கிற சவுக்காரத்தால் வழிக்கலாமா என்றால், அவசரத்துக்கு வழிக்கலாம், ஆனால் அந்த நுரை கெதியாய்க் காயும், தோல் வறளும். வழித்த பிறகு ஆப்ரர் சேவ் எண்டு எரிகிற சாராயத்தைப் பூசத் தேவையில்லை. படிகாரக் கட்டி ஒன்று போதும், எங்கட அம்மம்மாக்கள் சீனாக்காரம் எண்டு சொல்லுகிற அதே சாமான்தான். ஈர முகத்தில் ஒருக்காத் தேய்த்துக் கழுவினால் சின்ன வெட்டுகள் இரத்தம் நிற்கும். முற்றத்துக் கற்றாழை நின்றால் இன்னும் நல்லது.

றேசருக்கு வருவம். கடையில் எடுத்ததும் கையில் தூக்கிப் பாருங்கள், கொஞ்சம் பாரம் இருக்கவேண்டும். தலையைக் கழற்றி ஒரு பிளேட்டைப் பூட்டித் தரச் சொல்லிப் பாருங்கள். இரண்டு பக்கமும் பிளேட் ஒரே அளவாய் வெளியே நீட்டவேண்டும். ஒரு பக்கம் கூட, மற்றப் பக்கம் குறைய எண்டால் திருப்பிக் கொடுங்கள். புரி சுத்துகிற இடம் தளம்பக் கூடாது. முறுக்கினால் வண்ணத்துப்பூச்சி செட்டை மாதிரித் திறக்கிற றேசர் பார்க்க வடிவு, ஆனால் மலிவான ஒன்றில் அந்தப் பொறிதான் முதலில் கெடும். மூன்று துண்டாய்க் கழருகிற சாதாரண றேசரில் கெட ஒன்றும் இல்லை. பிளேட்டில் ஒரே கம்பனியை நூறாக வாங்காதீர்கள். இரண்டு மூன்று சாதியில் ஒவ்வொரு பக்கற் வாங்கி, எது உங்கட முகத்துக்கு ஒத்துவருகுது எண்டு பார்த்த பிறகு கூட வாங்குங்கள். ஒருத்தனுக்கு வெண்ணெய் மாதிரிப் போகிற பிளேட் மற்றவனுக்கு அரிவாள். கூட்டமுள்ள கடையில் வாங்குவது நல்லது, அங்கே பிளேட் கிடந்து துருப்பிடிக்காது.

விலையைப் பார்க்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பக்கற்றில் போட்ட விலை ஏமாற்றும். பக்கற் விலையை உள்ளே இருக்கிற எண்ணிக்கையால் பிரியுங்கள். வந்ததை, அந்த ஒன்றால் எத்தனை தரம் நோகாமல் வழிக்கலாமோ அந்த எண்ணிக்கையால் பிரியுங்கள். சப்பைப் பிளேட் ஒன்றால் நாலைந்து தரம் வழிக்கலாம். காட்றிஜ் கூட நாள் போகும்தான், அதையும் நேர்மையாகக் கணக்கில் எடுங்கள். பிறகு இரண்டு தொகையையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். காட்றிஜ் வெல்கிற ஒரு கடைக்கணக்கை ஆராவது கொண்டு வந்தால் இந்தக் கட்டுரையை நானே அழிக்கிறன்.

வழிக்கிற விதம் வேறு. காட்றிஜ் பழகின கை அமத்தும், இதில் அமத்தக் கூடாது. றேசரின் பாரமே போதும். கைபிடியை முகத்தில் இருந்து சரிவாய், ஒரு முப்பது பாகை அளவில் பிளேட் தோலைத் தொடுகிற மாதிரிப் பிடித்து, சின்னச் சின்ன இழுவையாய், மயிர் வளர்கிற பக்கத்துக்கே இழுங்கள். கழுத்தில் மயிர் கண்டபாட்டுக்கு வளரும், முதலில் விரலால் தடவிப் பார்த்துத் திசையைப் பிடியுங்கள். நுரை இல்லாத இடத்தில் திரும்ப ஓட்டாதீர்கள். முடிந்ததும் உதறிக் காயவிடுங்கள், துவாயில் துடைத்தால் விளிம்பு போகும், துவாயும் போகும். முதல் இரண்டு கிழமை ஒன்றிரண்டு கீறல் விழும். சைக்கிள் பழகேக்க முழங்காலில் விழுந்ததை விடக் குறைவு.

இந்த இடத்தில் இன்னொரு கூட்டத்தையும் கண்டிக்க வேணும். பழைய றேசர் எண்டதும் கிளம்புவினம் சில பேர், மரக் கோப்பை, வளைக்கரடி மயிர் பிறஷ், சந்தன எண்ணெய், ஆயிரக்கணக்கில் கைபிடி, அதை வரிசையாய் அடுக்கிப் படம். காட்றிஜில் இருந்து தப்பி இவையளிட்ட மாட்டினால் என்ன லாபம்? மலிவான ஒன்றை விலை கூடின பொழுதுபோக்காக மாற்றுவதில் வெள்ளைக்காரன் விண்ணன், நாங்கள் அவனுக்கு மேல். தாடி எண்ணெய் விற்கிற ரிக்ரொக் தம்பிமாருக்கும் இது பொருந்தும்.

இனிக் கட்டளை போடுகிறவர்களிடம் வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பெடியன், ஏ.எல். படிக்கிற நேரம், முகம் முழுக்கச் சீழ் கட்டின பரு. மேலால் வழித்தால் இரத்தம் வரும். 'முகத்தை வழிச்சிட்டு வா, இல்லாட்டில் வராதே' எண்டு வாசலில் வைத்துத் திருப்பினார்கள். அவன் பக்கத்துக் கடையில் மஞ்சள் ஒருதரப் பாவனை றேசர் ஒன்று வாங்கி, பைப்படியில் சவுக்காரமும் இல்லாமல் வழித்துக்கொண்டு உள்ளே போனான். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இதில் எந்த ஒழுக்கம் வளர்ந்தது? கம்பஸில் கதை இன்னும் மோசம். முதல் வருசம் எண்டால் மீசை கூட இருக்கக் கூடாது எண்டு சீனியர்மார் போடுகிற சட்டம். பகிடிவதையைத் தடுக்க 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் ஒன்று நாட்டில் இருக்கிறது, ஆனால் ஹொஸ்ரலில் ஓடுவது மற்றச் சட்டம். மகாபொலக் காசில் மாதம் தள்ளுகிற பெடியனுக்கு ஒவ்வொரு நாளும் வழிக்கிற செலவையும் சேர்த்துப் போடுகிறவைதான் பிறகு மேடையில் ஏறி மாணவர் உரிமை கதைக்கினம்.

இந்தச் 'சுத்தமான முகம்' எண்ட விதி எங்கட பாட்டன் பூட்டன் சொத்து இல்லை. தாடியும் மீசையுமாய் இருந்த சனம் நாங்கள். பள்ளிக்கூடமும் கந்தோரும் பொலிஸும் வெள்ளைக்காரனிடம் இருந்து எடுத்த பழக்கத்தில் இதுவும் ஒன்று. அவன்ர ஆமியே 2024 மார்ச்சில் தாடி வளர்க்கலாம் எண்டு அனுமதித்துவிட்டது. துவக்குத் தூக்கிறவனுக்குத் தாடி வைக்கலாமாம், கெமிஸ்றி படிக்கிறவனுக்கு வைக்கேலாதாம். ஒட்டக் கத்தரித்த தாடியை ஏற்றுக்கொண்டால் ஒரு பாடசாலையும் இடிந்து விழாது. அதுவரைக்கும், தோல் வருத்தம் உள்ள பெடியள் வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கையில் வைத்திருங்கள். வாசலில் வாதாடுவதை விட அது கெதியாய் வேலை செய்யும்.

பெட்டையள், இதெல்லாம் பெடியளின் கதை எண்டு போயிடாதேங்கோ. 1915இலேயே ஜில்லெட் பெண்களுக்கென்று தனி றேசர் இறக்கி, கக்கத்து மயிர் வெட்கக்கேடு என்று விளம்பரத்தால் சொல்லிக் கொடுத்தது. முதலில் வெட்கத்தை விற்றார்கள், பிறகு றேசரை. இண்டைக்கு அதே றேசர் றோஸ் நிறத்தில் வரும், விலை மட்டும் வேறு. நியூயோர்க் நகரத்தின் நுகர்வோர் திணைக்களம் 2015இல் கடைகளில் விலை எடுத்துப் பார்த்தபோது, உடற்பராமரிப்புச் சாமான்களில் பெண்களுக்கான விலை சராசரியாக 13 வீதம் கூட இருந்தது. பிளேட்டுக்கு ஆண் பெண் தெரியாது. மேலே சொன்ன அதே றேசர், அதே நுரை, கால் கைக்கும் செய்யும். வழிக்கவே விருப்பமில்லை என்றால் அது அதைவிட மலிவு. 'வழிச்சால் தடிப்பா வளரும்' எண்டு வெருட்டுகிற மாமிமாருக்கு: மில்றெட் ட்ரொட்டர் என்ற பெண் உடற்கூற்றியலாளர் 1928இலேயே அளந்து பார்த்து, அப்படி ஒன்றும் நடப்பதில்லை என்று எழுதிவிட்டார். வெட்டின நுனி மொட்டையாய் இருப்பதால் கைக்குத் தடிப்பாய்த் தெரியும், அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கத்து ஞாயத்தையும் சொல்லவேண்டும். கை நடுங்குகிறவர்களுக்கு, படுக்கையில் கிடக்கிற அப்பாவுக்கு வழித்து விடுகிறவர்களுக்குக் காட்றிஜ்தான் பாதுகாப்பு. அதற்குக் காசு செலவழிப்பதில் ஒரு பிழையும் இல்லை. சுருள் மயிரும் கழுத்துப் பருவுமாய் இருக்கிறவனுக்கு, எல்லா றேசரையும் விட ஒரு நல்ல ரிம்மர்தான் ஆகவும் மலிவு. மற்ற எல்லாருக்கும் நான் மேலே சொன்னதுதான்.

ஹொஸ்ரல்காரருக்கு ஒரு சொல். றேசரைப் பகிராதேங்கோ. 'மச்சான், ஒருக்காத் தாடா' எண்டு கேட்கிறவன் உங்கட உயிர் நண்பனாகவே இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தில் ஹெப்பற்றைற்றிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியில் ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். கைபிடியை வேணுமெண்டால் கழுவிக் கொடுங்கள், பிளேட்டைப் புதிதாய்ப் போடச் சொல்லுங்கள். ஒரு பிளேட்டின் விலையில் ஞாயம் பேச அதில் ஒன்றும் இல்லை. சலூனிலும் அப்படித்தான், முறிக்கிற சத்தம் கேட்காட்டில் 'அண்ணை, புதுசு போடுங்கோ' எண்டு கேளுங்கோ, கோவிக்க மாட்டார்.

பாவித்த பிளேட்டைக் குப்பைப் பையுக்குள் எறியாதீர்கள். ரின்பால் ரின் ஒன்றின் மேல்மூடியில் பிளேட் போகிற அளவுக்கு ஒரு கீறல் போட்டு, உள்ளே இருக்கிறதை ரீயில் ஊற்றிக் குடித்து முடித்து, கழுவிக் காயவிட்டால் உண்டியல் தயார். அது நிரம்பக் கன வருசம் எடுக்கும். நிரம்பினதும் கீறலை அடைத்து, மேலே 'பிளேட்' எண்டு தமிழிலயும் சிங்களத்திலயும் எழுதிக் குப்பை வண்டிக்காரரின் கையில் சொல்லிக் கொடுங்கள். கனபேர் கையுறை இல்லாமல்தான் அள்ளுகினம்.